ஊருக்கு ஒரு மேலவை ஓட்டு

எங்கள் ஊரில் ஓட்டு என்பது தனித்தனி ஆளுக்குச் சொந்தம் என்று யாரும் நினைத்ததில்லை. சட்டசபைத் தேர்தல் வந்தால் பெரியதனக்காரர் கோயில் முன்னால் ஊரைக் கூட்டுவார். ஊர் நியாயம் பேசுகிறவர் அவர்தான். எல்லோரும் சத்தம் போடுவார்கள், யாராவது ஒருத்தன் கோபித்துக்கொண்டு படகுகளுக்குப் பக்கத்தில் போய் உட்காருவான், அவனைச் சமாதானம் செய்து கூட்டி வருவார்கள், கடைசியில் ஒரு சின்னம் முடிவாகும். தேர்தல் நாளில் மொத்த ஊரும் அந்தச் சின்னத்தில் குத்திவிட்டு வலைக்குப் போய்விடும். பழவேற்காடு ஏரியில் அந்தப் பக்கத்து மணல்திட்டில் இருந்த எங்கள் மீனவக் குப்பத்தின் ஜனநாயகம் அவ்வளவுதான். ஓட்டு எண்ணுகிறவர்களுக்கும் வேலை மிச்சம்.

அப்படிப்பட்ட ஊரில் போய் நான் பி.ஏ. பாஸ் செய்து தொலைத்தேன்.

அது எழுபதுகளின் தொடக்கம். அப்போது மாநிலத்துக்கு இரண்டு சபைகள் இருந்தன. ஒன்று, எல்லோரும் ஓட்டுப் போடும் சட்டசபை. இன்னொன்று, அதற்கு மேலே உட்கார்ந்திருந்த மேலவை. அந்த மேலவையில் சில இடங்களுக்குப் பட்டதாரிகள் மட்டும்தான் ஓட்டுப் போடலாம். அதுவும் பட்டம் வாங்கிய உடனே முடியாது; ஊறுகாய் மாதிரி மூன்று வருஷம் ஊறியிருக்க வேண்டும். தொகுதி ஜில்லா ஜில்லாவாக நீண்டு கிடக்கும். ஓட்டர்கள் அதில் எங்கேயோ ஒருவர், எங்கேயோ ஒருவர் என்று சிதறிக் கிடப்பார்கள். நான் மூன்று வருஷமும் நன்றாக ஊறியிருந்தேன், ஏனென்றால் வேலை எதுவும் கிடைத்திருக்கவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் பெரிய தொழிற்பேட்டை வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். அது வரும்வரை நான் மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

என்னை ஓட்டர் ஆக்கியவர் எனக்குக் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் தேர்தலில் நிற்கக் கிளம்பியிருந்தார். பழைய மாணவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்பினார். எனக்கு வந்ததை நானும் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டு மறந்துபோனேன். அதற்கப்புறம்தான் கடிதங்கள் வர ஆரம்பித்தன.

எங்கள் ஊருக்கு அவ்வளவு தபால் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. 'பேரன்புமிக்க பட்டதாரிப் பெருமகனே' என்று ஒன்று தொடங்கும். 'அறிவுலகின் தூணே' என்று இன்னொன்று. ஊரில் என்னைக் கூப்பிடுவது 'டேய் பி.ஏ.' என்றுதான், என் பேர், பட்டம், மரியாதை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அறிவுலகின் தூண் அப்போது அம்மா காயப்போட்ட இறாலுக்குக் காக்கை ஓட்டிக்கொண்டிருக்கும். தபால்காரர் ஏரியைத் தாண்டிப் படகில் வரவேண்டும். வந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"உன்னால ரொம்ப பேஜாரா கீது நைனா. ஒத்த ஆளு நீ. உனுக்காகத் தெனிக்கும் படகேறணும்னா என் கதி இன்னா ஆவறது?"

"நானா எழுதச் சொன்னேன்? அவங்களா எழுதறாங்க" என்பேன்.

"அந்த ஓட்டை யாருக்குனா போட்டுத் தொலச்சிடு. எனுக்கு முதுகு வலிக்குது" என்பார்.

சொல்வது சுலபம். ஆனால் அந்த ஓட்டை நான் நினைத்தபடி போட முடியாமல் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பாடு முறையைச் சொல்ல வேண்டும்.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. சில இடத்தில் கழி நட்டு வலை கட்டினால் இறால் அள்ளும். சில இடத்தில் சேறும் நண்டும்தான். நல்ல இடத்தைப் பலசாலி பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எங்கள் ஊரில் சீட்டுப் போடுவார்கள். குடும்பத்துக்கு ஒரு பேர் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். வரிசைப்படி இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முடிவாகும். அதுதான் பாடு. சீட்டில் வந்ததை எதிர்த்துப் பேசியவன் ஊரில் கிடையாது. முணுமுணுத்தவர்கள் உண்டு, அது வேறு.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே அப்பா இறந்துபோனார். அதற்கப்புறமும் அப்பா பேரைச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள், மகன் வளர்ந்து தண்ணீரில் இறங்குவான் என்று. அதுவரை எங்கள் முறைக்குச் சித்தப்பா வலை கட்டுவார். கிடைப்பதில் பாதி எங்கள் வீட்டுக்கு. அந்தப் பாதியால்தான் அம்மா பொன்னேரிக்குக் கூடை சுமப்பதை நிறுத்தினாள்; மற்றப் பெண்களைப் போல ஏரியில் நின்று கையால் இறால் தடவுவதோடு சரி. வருஷக்கணக்கில் சுமந்து அவளுக்குக் கழுத்து எலும்பு தேய்ந்துபோயிருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு சேர்த்துத் திரும்புவாள்.

மகன் வளர்ந்தான். தண்ணீரில்தான் இறங்கவில்லை. ஒருமுறை இறங்கிப் பார்த்தேன். கழி ஒரு பக்கம், வலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போனோம். சித்தப்பா என்னைக் கரைக்கு அனுப்பிவிட்டு என் வலையையும் சேர்த்துக் கட்டினார். நியாயமான மனிதர், உழைப்பாளி. ஆனால் அந்த வருஷம் அவருடைய மூத்த பையனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவனுக்குத் தனியாகப் பாடு வேண்டும். புதுசாகப் பேர் சேர்க்க வேண்டுமென்றால் பழைய பேர் ஒன்று போக வேண்டும். போகத் தகுந்த பேர் எது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்த நேரத்தில்தான் வேட்பாளர்கள் ஏரியைத் தாண்டி வந்தார்கள்.

முதலில் வந்தவர் வக்கீல். பொன்னேரியில் மைக் செட் வாடகைக்கு எடுத்து, அதைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மைக்கில், "இவ்வூரின் பட்டதாரிப் பெருமக்களே!" என்றார். ஊர் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பெருமக்கள் மொத்தமும் நான்தான், கிழிந்த லுங்கியில். அவர் நாடு, மொழி, நாகரிகம் எல்லாம் பேசி முடித்து, சோடா குடித்துக்கொண்டே பெரியதனக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்.

"உங்க ஊர்ல எவ்வளவு ஓட்டு இருக்கும்?"

"ஒண்ணு சார்."

"ஒரு நூறா?"

"ஒண்ணுன்னா ஒண்ணு சார். தோ நிக்கிறானே, அதான் ஓட்டு."

வக்கீலுக்குச் சோடா புரைக்கேறிவிட்டது. ஆனாலும் சாமர்த்தியசாலி. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் கோடையில் மணல் மூடிப்போகும், அப்புறம் இறால் உள்ளே வராது என்பதைப் படகுக்காரனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். தான் ஜெயித்தால் மேலவையில் பேசி மிஷின் வைத்து முகத்துவாரத்தைத் தோண்டவைப்பதாகச் சொன்னார். கூட்டம் கை தட்டியது.

அடுத்தவர் கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த டாக்டர். அவர் பேச்சே பேசவில்லை. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் நாக்கை நீட்டச் சொன்னார். ஓட்டு இல்லாத நாக்கையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்தார். அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "இனிமே பாரம் தூக்கக்கூடாது" என்றார். போகும்போது அவரும் முகத்துவாரத்தைத் தோண்டுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். பெண்கள் எல்லோரும் டாக்டர் கட்சி ஆகிவிட்டார்கள்.

கடைசியாக என் பேராசிரியர். அலையே இல்லாத ஏரியில் படகில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்த ஒரே மனிதர் அவர்தான். இறங்கி மோர் குடித்துவிட்டுத் தெம்பு வந்ததும் பாடு முறையைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். முகத்துவாரம் தோண்டுவீர்களா என்று பெரியதனக்காரர் கேட்டதற்கு, "அது என் கையில இல்லையே ஐயா. பேசிப் பார்க்கலாம், வேற ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அதோடு ஓட்டுக் கேட்கவும் மறந்துவிட்டார். படகு பாதி தூரம் போன பிறகு நினைவு வந்து, அங்கேயிருந்து எழுந்து நின்று கையை ஆட்டி ஏதோ கத்தினார். ஓட்டைத்தான் கேட்கிறார் என்று நானாக யூகித்துக்கொண்டேன். படகுக்காரன் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான்.

என் ஓட்டு அவருக்குத்தான். சந்தேகமே இல்லை.

ஊர் கூடியது. "நம்ம ஓட்ட யாருக்குப் போடறது?" என்று ஆரம்பித்தார் பெரியதனக்காரர். 'நம்ம' என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

"மாமா, இது ரகசிய ஓட்டு. என் ஓட்டு. நான் பாத்துப் போட்டுக்கறேன்" என்றேன்.

 யாரும் கோபப்படவில்லை. பைத்தியம் பிடித்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். சித்தப்பாதான் எழுந்தார்.

"அவன் சொல்றதும் கரீட்டுதான். ஓட்டு அவனுது, படிப்பு அவனுது, எல்லாம் அவனுது. அப்ப பாடு மட்டும் எதுக்கு? பி.ஏ.வுக்கு எதுக்குப் பாடு? அண்ணன் பேர எட்துட்டு என் பையன் பேர எழுதிடலாம்."

நான் அம்மாவைத் தேடினேன். பெண்கள் கூட்டத்துக்குள் வரமாட்டார்கள். சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

பெரியதனக்காரர் சித்தப்பாவை உட்காரச் சொன்னார். "பாடு சீட்டுக்கு இன்னும் நாள் கீது. மொதல்ல ஓட்டு. ஊர் சொன்னபடி போட்டான்னா ஊர்க்காரன். மாத்திப் போட்டான்னா வெளியாளு. வெளியாளுக்குப் பாடு கெடையாது. இன்னா நைனா, புரிஞ்சுதா?"

புரியாமல் என்ன. தலையை ஆட்டினேன்.

அப்புறம் அந்த ஓட்டு எப்படிப் போடுவது என்று நான் விளக்கவேண்டி வந்தது. முத்திரை குத்துவது கிடையாது. பேருக்கு எதிரே நம்பர் எழுத வேண்டும், ரொம்பப் பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, அதற்கடுத்தவருக்கு மூன்று என்றேன். பெரியதனக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"புடிச்சவருக்கு ஒண்ணுதானா? புடிக்காதவருக்கு மூணா? நம்ம ஊர கஞ்சப் பயலுக ஊர்னு நெனைக்க மாட்டாரா? டாக்டருக்கு மூணு போடு. எழுதறதுதான் எழுதற, ஒரு பத்தாப் போட்டுடு."

ஒன்றுதான் பெரிது, மூன்றுதான் சின்னது என்று அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. புரிந்த பிறகு சண்டை ஆரம்பித்தது. பாதிப் பேர் வக்கீலுக்கு ஒன்று என்றார்கள், பாதிப் பேர் டாக்டருக்கு என்றார்கள். பேராசிரியர் பேரை நான் ஒருத்தன்தான் சொன்னேன். "வாந்தி எட்த்தாரே, அவரா?" என்று யாரோ கேட்டுச் சிரித்தார்கள். பொழுது போய்க்கொண்டே இருந்தது. யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை. கடைசியில் ஊருக்குத் தெரிந்த ஒரே வழிக்கு ஊர் வந்தது.

குடத்தைக் கொண்டு வந்தார்கள். வேட்பாளர்கள் மூவர் பேரையும் எழுதிச் சீட்டுப் போட்டார்கள். முதலில் வரும் சீட்டுக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று. பாடு சீட்டை ஊர்க்காரன் எடுக்கக் கூடாது, வெளியாள்தான் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். அன்றைக்கு வெளியாள் என்று அகப்பட்டவர் தபால்காரர்.

"ஐயோ, நான் கவர்மெண்டு உத்தியோகஸ்தன். எலக்‌ஷன்ல கை வெச்சன்னு தெரிஞ்சா வேலை பூடும்" என்று அலறினார்.

"கொடத்துலதானே கை வெக்கற? எலக்‌ஷன்லயா வெக்கற?" என்றார் பெரியதனக்காரர். படகும் அவருடையதுதான். திரும்பிப் போக வேண்டுமே என்று தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார்.

முதல் சீட்டு டாக்டர். இரண்டாவது பேராசிரியர். மூன்றாவது வக்கீல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலவைக்கு ஆள் அனுப்பும் ஓட்டை மீன்பிடிக் குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்களே என்று போய்ப் படகுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஊர் வழக்கப்படி யாராவது சமாதானம் செய்ய வர வேண்டும். ஒரு ஆளும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அம்மா வந்தாள்.

"இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற? சீட்டு வந்துச்சு. போட்டுட்டு வந்துடு."

"எனக்குப் புடிக்கலம்மா."

"புடிக்காதுதான். நான் மறுபடி கூடை தூக்கணுமா?"

 எழுந்து சாப்பிடப் போனேன்.

தேர்தல் பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெரியதனக்காரரும் சித்தப்பாவும் துணைக்கு வந்தார்கள். துணைக்கு என்றால், காவலுக்கு. உள்ளே ஓட்டுப் போடுகிறவர்களைவிட உத்தியோகஸ்தர்கள்தான் அதிகம் இருந்தார்கள். சட்டசபைத் தேர்தலில் படிக்காத ஜனங்கள் வரிசையாக நின்று சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போவார்கள். இங்கே ஒருவர் சட்டப்புத்தகத்தைக் காட்டி அதிகாரியோடு வாதாடிக்கொண்டிருந்தார். இன்னொருவர் எனக்கு முன்னால் சீட்டை நிரப்பிவிட்டு, "கீழே கையெழுத்துப் போட்டுட்டேன், டிகிரியும் எழுதணுமா?" என்று கேட்டார். அதிகாரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டால் ஓட்டு செல்லாது.

மறைப்புக்குள் போனேன். வாக்குச்சீட்டில் மூன்று பேர். பேராசிரியர் பேர் நடுவில் இருந்தது. அவர் படகில் எழுந்து நின்று கத்தியது ஞாபகம் வந்தது. இங்கே யாரும் பார்க்கவில்லை. எனக்கு இஷ்டப்பட்டபடி எழுதலாம். எழுதினால் கேட்கவும் ஆள் இல்லை. ஆனால் வெளியே போய்ப் பொய் சொல்ல வேண்டும், சொன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அம்மாவின் கழுத்துதான் கண்ணில் நின்றது. டாக்டருக்கு ஒன்று, பேராசிரியருக்கு இரண்டு, வக்கீலுக்கு மூன்று என்று எழுதி மடித்துப் போட்டுவிட்டு வந்தேன். பெருமையாகவும் இல்லை, அவமானமாகவும் இல்லை. பசித்தது.

வெளியே வந்ததும் கேள்வி வரும் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். பெரியதனக்காரர் கேட்டது, "நாஷ்டா துன்னியா?" என்பதுதான். ஓட்டலில் இட்லி வாங்கிக்கொடுத்தார்கள். ஓட்டைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. சீட்டில் வந்ததை ஒருத்தன் மாற்றுவான் என்பது அவர்கள் புத்திக்கு எட்டாத விஷயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காவலுக்கு வந்தவர்கள் இல்லை, இட்லி சாப்பிட வந்தவர்கள்.

முடிவு வந்தது. வக்கீல் ஜெயித்துவிட்டார். நன்றி தெரிவித்து அச்சடித்த கடிதம் ஒன்று அனுப்பினார். தபால்காரர் அதைக் கடைசித் தொல்லை என்று சொல்லிக் கொடுத்தார். முகத்துவாரத்துக்கு மிஷின் வரவில்லை. வழக்கம்போல ஊர் ஆண்கள் மண்வெட்டியும் கூடையுமாகப் போய்த் தோண்டினார்கள். பின்னாளில் அந்த மேலவையையே எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் முடிவு வந்த அன்று பெரியதனக்காரர் என்னை விடவில்லை. "டாக்டர் தோத்துட்டார்னா நம்ம ஓட்டு இன்னா ஆச்சு? வீணாப் பூடுச்சா?" என்று கேட்டார். எங்கள் வீட்டு வாசலில் கிளிஞ்சலைக் குவித்து வைத்துக்கொண்டு விளக்கினேன். இது டாக்டர் குவியல், இது பேராசிரியர், இது வக்கீல். எல்லாவற்றிலும் சின்னக் குவியல் டாக்டருடையது. அதனால் அவர் போட்டியிலிருந்து போய்விட்டார். ஆனால் அவருக்கு விழுந்த ஓட்டைக் கிழித்துப் போடமாட்டார்கள். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு என்று யாருக்கு எழுதியிருக்கிறதோ அவர் குவியலுக்குப் போகும். நம் ஓட்டு பேராசிரியருக்குப் போயிற்று. அவரும் தோற்றார், அது வேறு விஷயம்.

எங்கள் ஓட்டு டாக்டரோடு முழுகி, பேராசிரியரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவரோடும் சேர்ந்து முழுகியது என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பெரியதனக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார்.

"அடேய், இது நம்ம பாடு முறைடா! ஒருத்தன் ஜுரத்துல படுத்துக்கினா அவன் மொறை அடுத்தவனுக்குப் போவுதில்ல? வீணாவுதா? நம்மளாண்ட பாத்துத்தான் சர்க்காரு எழுதிக்கினான்!"

அன்றிலிருந்து படகில் ஏறினவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். சட்டத்தை எங்கள் ஊரிலிருந்து திருடிவிட்டார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று குறைபட்டுக்கொள்வார். நான் திருத்தப் பார்த்தேன். முடியவில்லை, விட்டுவிட்டேன்.

அவர் எழுந்து போன பிறகு, உள்ளே மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா கேட்டாள். "போனவனோட ஓட்டக் கிழிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா. ரெண்டாவது ஆளுக்குப் போவும்."

"அவனும் சரிப்படலன்னா?"

"மூணாவது ஆளுக்கு."

"மூணாவது ஆளு பேரு எழுதலன்னா?"

"எழுதலன்னா அங்கியே முடிஞ்சிது. அப்புறம் அது யாருக்கும் இல்ல."

அவள் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். குழம்புக்குப் புளி கரைத்தாள்.

பாடு சீட்டுக்கு ஊர் கூடியது. சித்தப்பா மறக்கவில்லை. முதல் ஆளாக எழுந்து, அண்ணன் பேரை எடுத்துவிட்டுத் தன் பையன் பேரை எழுத வேண்டும் என்றார். பெரியதனக்காரர் என்னைப் பார்த்தார்.

"நீ ஊர் சொன்னபடி ஓட்டுப் போட்ட. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா உங்க சித்தப்பன் கேக்கறதும் நாயம்தான். நீ தண்ணில எறங்குவியா, மாட்டியா?"

"வேலை கெடைக்கும் மாமா. கும்மிடிப்பூண்டியில..." என்று ஆரம்பித்தேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்துகொண்டேன். அவ்வளவுதான், முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கூட்டத்தில் ஏதோ சலசலப்பு. நிமிர்ந்து பார்த்தால் அம்மா. சுவர் ஓரத்தை விட்டு நடுவில் வந்து நின்றுகொண்டிருந்தாள். அந்த இடத்தில் ஒரு பெண் நின்று நான் பார்த்ததில்லை.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் பெரியதனக்காரரிடம்.  "மொத ஆளு போயிட்டா ரெண்டாவது ஆளுக்குப் போவும்னு நீங்கதான ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தீங்க? என் ஊட்டுக்காரரு பூட்டாரு. அடுத்தது என் புள்ள. அவன் தண்ணிக்கு ஒதவல, எனுக்கும் தெரியும். மூணாவது நான் கீறேன். எனுக்கு எழுதுங்க."

"அண்ணி, இன்னா பேசற?" என்றார் சித்தப்பா. "பொம்பளைக்கு ஏது பாடு? நீ போய் கழி நடுவியா?"

"வலையே இல்லாம அதே தண்ணில இடுப்பளவு நின்னு கையால எறா தடவறேன். அது தண்ணி இல்லியா? கழிய நீயே நடு தம்பி. பாதி நீ எட்துக்க, எப்பவும் போல. பேரு மட்டும் எனுது. உன் புள்ளைக்குப் பேரு சேக்கணும்னா தனியாக் கேளு, நானே சரின்னு சொல்றன். என் ஊட்டப் போய் கிழிக்காத."

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். பெரியதனக்காரர் மீசையை நீவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"டேய் பி.ஏ. சர்க்காரு ஓட்டுல மூணாவது ஆளு பொம்பளையா இருந்தா செல்லுமா?"

"செல்லும் மாமா. ஒண்ணாவதே பொம்பளையா இருக்கலாம்."

அவர் சீட்டுக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். சட்டத்தை எங்களிடமிருந்து திருடிவிட்டார்கள் என்று ஏரிக்கரை முழுக்கச் சொல்லி வைத்த மனிதர். இனி அது எங்கள் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டுக்கொண்டார். எழுதப் போனவர் நிறுத்தினார்.

"இன்னா பேரும்மா எழுதட்டும்? பூட்டவரு பேரப் போட்டு அவரு பொண்டாட்டின்னு எழுதவா? பி.ஏ. ஆத்தான்னு எழுதவா?"

ஊரில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா இருந்தவரை இன்னார் பெண்டாட்டி. அப்புறம் இன்னான் ஆத்தா. அவள் பேர் ஓட்டர் லிஸ்ட்டில் எங்கேயோ இருந்தது. யாரும் அதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"எம் பேர எழுதுங்க" என்றாள் அம்மா. தன் பேரைச் சொன்னாள். கடைசி வரிசையில் இருந்தவனுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

பெரியதனக்காரர் எழுதி, மடித்து, குடத்தில் போட்டார். குலுக்கி எடுத்தபோது அம்மாவுக்கு வந்தது ஏரியிலேயே மட்டமான இடம். முழங்கால் வரை சேறு, நண்டைத் தவிர ஒன்றும் அகப்படாது. எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், "போயும் போயும் இந்த எடமாம்மா கெடைச்சுது?" என்றேன்.

அம்மா நின்றாள். உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்டா" என்றாள். "எம் பேருல வந்துச்சு."